நாற்பத்தொரு வீட்டு நாக்கு

பங்குனி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, தூத்துக்குடி கிளிஞ்சல் தெருவில், ஏழு மாதக் கைக்குழந்தை பெனிட்டாவுக்கு அவள் அம்மா ஜெனோவா மூக்குக் குழாய் வழியாக முதன்முதலாகக் கேப்பைப் பால் ஏற்றியபோது, அந்தத் தெருவின் நாற்பத்தொரு வீட்டிலும் இருந்த அத்தனை பேர் வாயிலும் கருப்பட்டி போட்ட கேப்பைப் பாலின் ருசி வந்தது. சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டு உதட்டை நக்கிப் பார்த்தார். மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தவள் திட்டை விழுங்கிவிட்டு சப்புக்கொட்டினாள். தவக்கால ஒருசந்தி விரதம் இருந்தவர்கள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, நாம் எதையும் வாயில் போடவில்லையே ஆண்டவரே என்றார்கள். பத்து இருபதுக்குக் குழாய் மூடப்பட்டபோது ருசியும் நின்றது. எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பெனிட்டா நெஞ்சில் ஓட்டையோடும், விழுங்கத் தெரியாத தொண்டையோடும் பிறந்தவள். வாயில் ஒரு சொட்டு விட்டாலும் அது வழி தவறி நுரையீரலுக்குப் போகும். அதனால் மூக்கில் நுழைந்து வயிற்றில் முடியும் ஒரு மெல்லிய குழாயைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். மூன்று மணிக்கொருதரம் குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று உறிஞ்சிப் பார்த்து, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, அறுபது மில்லி பாலைத் தன் போக்கில் இறங்கவிட வேண்டும். ஒரு மூலையில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் மெஷின் கரகரத்த குரலில் முனகிக்கொண்டே இருக்கும். தொண்டையில் சளி கட்டினால் உறிஞ்சி எடுக்க இன்னொரு மெஷின். கால் பெருவிரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண்ணில் காட்டும், சிவப்பாக எரியும் கிளிப். ஜெனோவா அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தபடி சோறு தின்றாள், அதைப் பார்த்தபடி தலை சீவினாள், அதற்கு முதுகு காட்டி ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நின்று ஏழு மாதமாகிவிட்டது.

கேழ்வரகை ஊறவைத்து அரைத்துக் கேப்பைப் பால் எடுக்கச் சொல்லிக்கொடுத்த ஆஸ்பத்திரிக்காரம்மா, "இனிப்பெல்லாம் வேண்டாம், நாக்குல படாத சாப்பாட்டுக்கு ருசி எதுக்கு?" என்றுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்த ஜெனோவாவுக்கு அந்தப் பேச்சு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பிள்ளை சாப்பிடும் முதல் சாப்பாடு, அதில் ருசி இருக்கக்கூடாதா? சுண்டைக்காய் அளவு கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, மூன்று தரம் வடிகட்டி ஏற்றினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

தெரு முதலில் குடிதண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்பட்டது. தொட்டியைக் கழுவி விட்டார்கள். ஒரு மணிக்கு மறுபடியும் ருசி வந்தது. பிறகு காற்றைச் சந்தேகப்பட்டார்கள், துறைமுகத்தில் ஏதோ கப்பலில் கேப்பை இறக்குகிறார்கள் என்றார்கள். மாலையில் இரும்புச் சத்துச் சொட்டு மருந்தின் ருசி, துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல, எல்லார் வாயிலும் வந்தபோதுதான் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு ஜெனோவா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி ஜெனோ, பிள்ளைக்கு இப்பம் என்ன குடுத்த?"

"அயர்ன் டிராப்ஸுக்கா. ஏன்?"

"காலையில?"

"கேப்பைப் பால்."

"கருப்பட்டி போட்டியா?"

கருப்பட்டி போட்டதை ஜெனோவா தன் புருஷனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. மரியபுஷ்பம் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "கூடக் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படியாக விஷயம் வெளியே தெரிந்தது. கிழக்கே மாதா சிலை வைத்த கெபி, மேற்கே டிரான்ஸ்பார்மர், இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற யார் வாயிலும் பெனிட்டாவின் சாப்பாட்டு ருசி வரும், ஒரு எட்டு தாண்டினால் வராது என்பதைப் பிள்ளைகள் தரையில் கோடு போட்டு முன்னும் பின்னும் குதித்து ஒரே நாளில் கண்டுபிடித்தார்கள். பிள்ளைக்கு மட்டும் அந்த ருசி தெரியாது, அவள் பாட்டுக்கு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தவக்காலத்தில் இந்த ருசியால் ஒருசந்தி முறியுமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். அவர் தங்கும் பங்களா தெருவுக்குள்ளேயே இருந்ததால் அவர் வாயிலும் அது வந்துகொண்டுதான் இருந்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு, "வந்தது பாவமில்ல, வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா பாவம்" என்றார். அதற்குப் பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீண்டது. தெருவில் இருந்த இரண்டு முஸ்லிம் வீட்டுக்காரர்கள் பள்ளிவாசலில் கேட்டபோது, தொண்டைக்குள் இறங்காதது நோன்பை முறிக்காது என்று பதில் வந்தது. அவர்கள் நிம்மதியாக நோன்பு வைத்தார்கள்.

மனுஷர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். ஒரு வாரத்துக்குள், காலை ஆறு மணிக்கு வருகிற கசப்பு, உடம்பு நீரை இறக்கும் மாத்திரைக் கரைசல் என்பதும், அதற்கு முன்னால் காபி குடித்துவிட வேண்டும் என்பதும் தெருவின் வழக்கமாகிவிட்டது. பத்து மணி ருசிக்காக வேலைக்குப் பிந்திப் போகிறவர்கள் வந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் கெபிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கருப்பட்டியை அனுபவித்தார்கள். இதுவரை பெனிட்டாவின் வாசலை எட்டிப் பார்க்காதவர்கள், வயரும் குழாயுமாகக் கிடக்கிற பிள்ளையைப் பார்த்தால் தங்கள் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகிவிடும் என்று சுற்றிப் போனவர்கள், இப்போது கிண்ணத்தோடு வந்தார்கள்.

"எலும்பு சூப்பு, நாலு தரம் வடிகட்டிட்டேன், ஒரு அஞ்சு மில்லி ஏத்து."

"அடைப் பிரதமன் பாயசம். தேங்காப்பால் நல்லா நீர்க்க எடுத்திருக்கேன்."

"பிள்ளைக்குச் சத்து வேணும்லா, அதுக்குத்தான் சொல்லுதோம்."

ஜெனோவா எல்லாக் கிண்ணத்தையும் வாங்கினாள், எல்லாவற்றையும் பின்கட்டில் கொட்டினாள். அவர்கள் பிள்ளையைப் பார்க்கும்போது கண் பிள்ளையின் முகத்தில் நிற்காமல் சிரிஞ்சில் போய் நிற்பதை அவள் கவனித்திருந்தாள். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அதற்கு முன்னால் பகலில் அந்தக் கதவைச் சாத்தியதே கிடையாது.

பெனிட்டாவின் எடை நாலு கிலோ இருநூறு. நெஞ்சு ஓட்டையை அடைக்க மதுரையில் ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு ஐந்தரை கிலோவாவது வர வேண்டும், பத்து மாதத்துக்குள் வந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேப்பைப் பால் தொடங்கி ஒரு மாதமாயிற்று. நாலு கிலோ இருநூறு. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரம் நாலு கிலோ நூற்றெண்பது. எடை மெஷினின் முள்ளைப் பார்த்தபடி நின்ற ஜெனோவாவின் மனதில் அந்தச் சந்தேகம் முளை விட்டது. ருசி போகிற வழியில் சத்தும் போகும்தானே? ஒரு பிள்ளைக்கு ஊற்றுவதை நாற்பத்தொரு வீடு தின்றால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

டாக்டரிடம் கேட்டாள். அவர் கிளிஞ்சல் தெருவுக்கு வந்ததில்லை. "நெஞ்சு கஷ்டப்பட்டு ஓடுதுல்லம்மா, அதுவே பாதியை எரிச்சிரும். வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். ஜெனோவா அதை நம்பவில்லை.

கோயில் மருத்துவ முகாமுக்கு வைத்திருந்த பெரிய எடை மெஷினைச் சாமியாரிடம் கேட்டு வாங்கினாள். வாசலில் போட்டாள். பிள்ளையைச் சாக்கு வைத்து, "தெருவுல எல்லாருக்கும் எடை பாத்து எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க, ஆஸ்பத்திரியில" என்று பொய் சொன்னாள். அன்று எழுதிய எடைச் சீட்டையும் பழைய முகாம் சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றி, சிலர் கொலுசையும் கழற்றி ஏறினார்கள். மரியபுஷ்பம் முக்கால் கிலோ கூடியிருந்தாள், அது அவள் வழக்கம். சாமியார் குறைந்திருந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்த சர்க்கரைக்காரர்கள் அப்படியே இருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும், எதிர் வீட்டு சுடலைமணி, நாலு கிலோ இருநூறு கூடியிருந்தார்.

நாலு கிலோ இருநூறு. ஒரு பெனிட்டா.

சுடலைமணி மின்சார ஆபீஸில் லைன்மேன். மனைவி இல்லாதவர். நாலு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து, கதிர் வைத்துப் பொசுக்கினார்கள். கட்டி போனது, கூடவே நாக்கின் ருசியும் போனது. அதற்குப் பிறகு சோறு அவருக்கு ஈர மணல், குழம்பு சேற்றுத் தண்ணீர். உயிர் தங்க வேண்டுமே என்று இரண்டு வாய் தள்ளுவார். கம்பத்தில் ஏறும்போது கீழே நிற்கிறவர்கள், எலும்புக்கூடு ஏறுகிறது என்பார்கள். அவர்தான் இப்போது எடை மெஷினில் நின்றுகொண்டு, கன்னத்தில் சதை வைத்து, ஜெனோவாவைப் பார்த்துச் சிரித்தார்.

"எப்படிண்ணே கூடுச்சு?" என்று ஜெனோவா கேட்டாள்.

"எல்லாம் உம் பிள்ள புண்ணியந்தான் தங்கச்சி. நீ அவளுக்கு ஏத்துற நேரம் பாத்து நானும் தட்டப் போட்டு உக்காந்துருவேன். வாயில எஞ்சோறு, நாக்குல அவ ருசி. நாலு வருசம் கழிச்சு வயிறு ரொம்பத் தின்னேன்."

"பிள்ளைக்கு எடை ஏறலண்ணே."

"ஏறும். அவசரப்படாத. இன்னுங் கொஞ்சநாள் போட்டும்."

அந்த 'இன்னுங் கொஞ்சநாள்' ஜெனோவாவின் காதில் ஈயமாக இறங்கியது. அன்றிலிருந்து எதிர் வீட்டு ஜன்னலை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழு, பத்து, ஒன்று என்று மணி அடித்தாற்போல் அங்கே தட்டு வைக்கும் சத்தம் கேட்கும்.

வைகாசி பிறந்ததும் ஆஸ்பத்திரியில் விழுங்கப் பழக்கும் டாக்டரம்மா பெனிட்டாவின் தொண்டையைத் தடவிப் பார்த்து, இனி முயற்சி செய்யலாம் என்றாள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, கரண்டி நுனியில் ஒரே ஒரு சொட்டு நாக்கில் வைக்க வேண்டும். சளி உறிஞ்சும் மெஷின் ஓடும் நிலையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மெஷின் இல்லாமல் மட்டும் செய்யக்கூடாது. "இவ வாயால சாப்பிட ஆரம்பிச்சுட்டா எல்லாமே மாறும்" என்றாள் டாக்டரம்மா. எல்லாமே என்றால் என்னென்ன என்று ஜெனோவா கேட்கவில்லை.

வீட்டில் புருஷன் அமல்தாஸிடம் மட்டும் சொன்னாள். அமல்தாஸ் உப்பு லாரி ஓட்டுகிறவன். முன்பு ஆந்திராவரை போவான். பிள்ளை பிறந்த பிறகு உப்பளத்திலிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து அளம் என்று உள்ளூர் நடையோடு நிறுத்திக்கொண்டான். பேச்சு குறைந்தவன். ஆக்சிஜன் சிலிண்டரை மாற்றுவது, மெஷின் வடிகட்டியைக் கழுவுவது எல்லாம் அவன்தான். "செய்" என்று சொன்னான்.

ஆனால் கிளிஞ்சல் தெருவில் எதுவும் ஒரு வீட்டுக்குள் நிற்காது. மறுநாளே மரியபுஷ்பம் வந்து, "வாயில குடுக்கப் போறியாமே? அப்பம் எங்களுக்கு..." என்று தொடங்கி, "அதில்லட்டி, பிள்ளைக்குப் புரையேறிட்டா என்ன செய்வன்னுதான் கேக்கேன்" என்று முடித்தாள். சர்க்கரைக்காரர்கள் நாற்காலியை ஜெனோவா வீட்டுக்கு அருகில் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே மூச்சில் "பாவம், பிள்ள விழுங்கணும்" என்றும் "என்ன அவசரம்" என்றும் சொன்னார்கள்.

முதல் நாள் மாலை நாலு மணி. ஜெனோவா கேப்பைப் பாலைக் கரண்டி நுனியில் எடுத்துப் பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோனாள். மின்விசிறி நின்றது. ஆக்சிஜன் மெஷின் வீறிட்டு அலறி அணைந்தது, உறிஞ்சும் மெஷின் செத்தது. அரை நிமிஷத்துக்குள் அமல்தாஸ் சிலிண்டரோடு ஓடிவந்து குழாயை மாற்றி மாட்டினான். பெருவிரல் கிளிப்பில் எண் இறங்கி மறுபடி ஏறியது. ஜெனோவா கரண்டியைக் கழுவிவைத்தாள். நாலே காலுக்குக் கரண்ட் வந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி நாலு மணி, மறுபடி கரண்டி, மறுபடி கரண்ட் நின்றது. அமல்தாஸ் ஓடிவந்தான். நீ இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெனோவா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் கையை மெல்ல உருவிக்கொண்டு போனான்.

கரண்ட்டைக் கையில் வைத்திருக்கிறவன் யார்? டிரான்ஸ்பார்மருக்கும் கம்பத்துக்கும் சொந்தக்காரன் யார்? பிள்ளை விழுங்கினால் யாருடைய சோறு மறுபடி மணலாகும்? ஜெனோவா எதிர் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று கத்தினாள். "எம் பிள்ளைய இன்னும் எவ்வளவு திங்கப் போறீங்க? எம் பிள்ள மூச்சு நின்னா உங்களுக்கு ருசி எங்கருந்து வரும், அத யோசிச்சீங்களாண்ணே?"

தட்டு முன்னால் உட்கார்ந்திருந்த சுடலைமணியின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "நான் கம்பத்துப் பக்கமே போகல தங்கச்சி. எங்கம்மா மேல சத்தியமா."

"அப்பம் யாரு?"

"தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லுதேன். உம் பிள்ள விழுங்கக்கூடாதுன்னு நான் ஜெபம் பண்ணதுண்டு. அது உண்மை. கைய வைக்கல."

எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த ஜெபத்தைத் தாங்களும் செய்திருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உண்மையில் பாதியை ஒப்புக்கொள்கிறவன் மீதியை மறைக்கத்தான் அப்படிச் செய்வான் என்று ஜெனோவா நினைத்தாள்.

மூன்றாவது தடவை கரண்ட் போனபோது, பிள்ளையைப் பார்க்க வேண்டிய கண்ணை அவள் ஒரே ஒரு நொடி ஜன்னல் பக்கம் திருப்பினாள். மரியபுஷ்பம் வீட்டு டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் மிக்ஸி ஓடியது. எதிர் வீட்டில் சுடலைமணியின் மேசை விசிறி தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போனது அவள் வீட்டில் மட்டும்தான். முதல் இரண்டு தடவையும் பிள்ளையின் உதட்டைத் தவிர வேறெதையும் அவள் பார்த்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு மறுபடி கொடுக்கப்போவதாகத் தெருவுக்கே கேட்கும்படி மரியபுஷ்பத்திடம் சொன்னாள். நாலுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் பிள்ளையைச் சிலிண்டரில் மாற்றி, மரியபுஷ்பத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, "கிளிப்புல தொண்ணூறுக்குக் கீழ போனா கத்துங்க" என்று சொல்லிவிட்டு, பின்கதவு வழியாக வெளியே போனாள். வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் மீட்டர் பெட்டி இருந்தது. தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். கையில் அரிவாள்மணை இருந்தது, எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சந்தின் இடுக்கு வழியாகச் சுடலைமணியின் வாசல் தெரிந்தது. அவர் தட்டுக்கு முன்னால் அசையாமல் இருந்தார்.

வந்தது அமல்தாஸ். செருப்பைச் சந்து முனையிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வந்தான். மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டையை உருவினான்.

"நீங்களா?"

அவன் கட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டான்.

"மூணு தடவையும்?"

"சிலிண்டர் வாசல்லயே எடுத்து வச்சுட்டுத்தான் உருவினேன். அரை நிமிசம்கூட விடலயே ஜெனோ. எண்ணிக்கிட்டே ஓடிவந்தேன்."

ஜெனோவா எழுந்தாள். கால் மரத்திருந்தது. அரிவாள்மணையைத் தரையில் வைத்தாள், கையில் இருந்தால் என்ன செய்வோம் என்று பயமாக இருந்தது.

"ஏன்?"

"நாலு மாசத்துல நர்ஸம்மா கரண்டியில குடுத்துப் பாத்தாளே, நீலமாப் போச்சே... நான்தான பிடிச்சிருந்தேன். எங்கையிலதான நீலமாப் போனா." அவன் கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "அது மட்டுமில்ல. சொன்னா நீ காறித் துப்புவ."

"சொல்லுங்க."

"அதுக்குப் பெறவு அவளத் தூக்க எனக்குத் தைரியம் வரல. எந்த வயரு எங்க சிக்கிருமோன்னு பயம். நீ தூக்குத, கொஞ்சுத, அவ உன்னப் பாத்துச் சிரிக்கா. நான் லோடு எறக்கிட்டு வந்து தெருமுனையில கால வைக்கும்போது, வாயில அவ குடிக்கிற ருசி வரும். அப்பந்தான் எனக்கு இது எம் பிள்ளன்னு இருக்கும். அதுவும் போயிட்டுன்னா எங்கிட்ட அவளோடதுன்னு என்ன இருக்கு?"

ஜெனோவா அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தொரு வீட்டையும் மெஷினில் ஏற்றி நிறுத்தியவள், இந்த ஒரு ஆளை ஏறச் சொல்லவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்குக் கோபம் வந்தது, அவள் பிறந்ததிலிருந்து வராத கோபம். அதற்கு அடியில், எதிரே நிற்கிற இந்த மனுஷன் எட்டொன்பது மாதமாக வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறான், உள்ளே வா என்று தானும் ஒருநாள் சொல்லவில்லை என்ற நினைப்பும் வந்தது. இரண்டில் எதைப் பேசுவதென்று தெரியாமல், "கட்டைய மாட்டுங்க. கையக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள்.

மெஷின்கள் மறுபடி முனகத் தொடங்கின. ஜெனோவா மரியபுஷ்பத்தை எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் அமல்தாஸை உட்காரவைத்தாள். எந்த வயர் எங்கே என்று ஒவ்வொன்றாக அவன் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டினாள். பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் சாய்வாக வைத்தாள். கரண்டியை அவன் கையில் கொடுத்தாள். உறிஞ்சும் குழாயைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க குடுங்க."

"ஜெனோ, வேண்டாம்."

"உங்க கையால குடுங்க. அப்பத்தான் உங்க கைய நான் பாத்துக்கிட்டு இருக்க முடியும்."

கரண்டி நுனி கீழுதட்டைத் தொட்டது. ஒரு சொட்டு. பெனிட்டாவின் நாக்கு வெளியே வந்து அதைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. கண் அகன்றது. தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கியது. ஜெனோவா கிளிப்பைப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நாலு.

பிறகு பெனிட்டா முகத்தை எலுமிச்சம்பழம் போலச் சுருக்கி, நாக்கை வெளியே தள்ளி, உடம்பையே உலுக்கினாள். தெருவே கண்ணை மூடிச் சப்புக்கொட்டிய கேப்பைப் பால் அவளுக்குப் பிடிக்கவில்லை. கதவோரம் நின்ற மரியபுஷ்பம், "அடிப் பாவி, இதுக்கா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அமல்தாஸ் சிரிக்கவில்லை. பிள்ளையின் முகம் மடியில் இருந்தபடி தன்னைப் பார்த்துச் சுளித்ததை, ஏதோ பரிசு கிடைத்தவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஒரு சொட்டின் ருசி தெருவில் யாருக்கும் வரவில்லை. வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. சுடலைமணி வாசல்வரை வந்து, உள்ளே வராமல் கேட்டார்.

"முழுங்கிட்டாளா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ருசி வரலியே."

ஜெனோவா அவர் முகத்தில் பொறாமையைத் தேடினாள். இருந்தது. வேறு ஏதோவும் இருந்தது. "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். இரண்டு நாள் அவர் வீட்டில் தட்டுச் சத்தம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை மெல்ல நடந்தன. பிள்ளைக்கு வாயால் இறங்குவது சொட்டிலிருந்து கரண்டியாக, கரண்டியிலிருந்து கிண்ணமாக வளர வளர, குழாயில் ஏற்றுவதன் ருசி கெபிப் பக்கத்திலிருந்து வீடு வீடாக விலகியது. தங்கள் வீட்டை ஜெனோவா வேண்டுமென்றே விட்டுவிட்டாள் என்று கெபிப் பக்கத்துக்காரர்கள் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. சளி பிடித்து இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பத்து மாதத்தில் வரவேண்டிய ஐந்தரை கிலோ பதினோராம் மாதத்தில்தான் வந்தது. மதுரையில் நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்தார்கள், அந்த ஆறு மணி நேரமும் கிளிஞ்சல் தெருவில் ஒரு அடுப்பும் எரியவில்லை என்று மரியபுஷ்பம் பிற்பாடு சொன்னாள். அது அன்பினாலா, ஆபரேஷன் மருந்தின் ருசி ஏதாவது வாயில் வந்துவிடுமோ என்ற பயத்தினாலா என்று ஜெனோவா கேட்கவில்லை. குழாயை எடுத்த நாளில் தெரு முழுவதும் ருசி நின்றது.

சுடலைமணிக்கு மறுபடி சோறு மணலாயிற்று. ஆனால் அவர் பெனிட்டா சாப்பிடும் நேரத்துக்குத் தட்டோடு வந்து வாசல்படியில் உட்கார்ந்து, அவள் முகம் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டே நாலு வாய் தள்ளிவிடுவார். அவள் முகத்தைப் பார்த்தால் போதும், புளிப்பா உறைப்பா என்று தெரிந்துவிடுகிறது என்றார். ஜெனோவா அதைப் பாதிதான் நம்பினாள். இருந்தாலும் அவருக்கென்று ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.

பெனிட்டாவுக்கு ஒன்றரை வயதான ஒரு மத்தியானம், அமல்தாஸ் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் தத்தித் தத்தி வந்து, அவன் தொடையைப் பிடித்து நின்று, தட்டில் முள்ளெடுத்து வைத்திருந்த நெத்திலியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். விழுங்கினாள். இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள். அமல்தாஸ் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

ஜெனோவா அடுப்படியிலிருந்து வந்து அவன் முன்னால் நின்றாள்.

"வருதா?"

"எது?"

"சும்மா இருங்க. வருதா இல்லியா?"

"இல்லட்டி."

"பெறவு ஏன் கண்ண மூடுனீங்க?"

அன்று எடை மெஷினில் ஏற்றாமல் விட்ட ஆளை இன்று சோதிக்காமல் விடுவதாயில்லை, ஜெனோவா செல்போன் விளக்கைப் போட்டாள். அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"வாயத் திறங்க" என்றாள்.

அவன் திறந்தான். நாக்கைத் தூக்கச் சொன்னாள், தூக்கினான். கன்னத்தை விரலால் ஒதுக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகப் பார்த்தாள். பெனிட்டாவும் நெத்திலியை மென்றுகொண்டே எக்கி நின்று அப்பாவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.